எலைஸா கார்த்தி: பிடிலும் பேனாவும்

கார்த்தி என்றதும் பருத்திவீரன் ஞாபகத்துக்கு வந்தால் தப்பில்லை. ஆனால் இந்தக் கார்த்தி வேறு. எலைஸா கார்த்தி, இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியைச் சேர்ந்த பிடில் கலைஞர், பாடகி, பாடலாசிரியர். 1975இல் ஸ்கார்பரோ என்ற கடலோர ஊரில் பிறந்தவர். பாட்டன் பூட்டன் காலத்து நாட்டுப்பாடல்களை பிடிலோடு பாடிப் பெயர் வாங்கினார். பிறகு சொந்தமாகப் பாட்டு எழுத ஆரம்பித்தார்.

அந்தப் 'பிறகு' என்ற வார்த்தையில்தான் வம்பு இருக்கிறது.

இப்படிப்பட்ட கலைஞர்களின் கதையை வழக்கமாக ஏணி மாதிரி சொல்வார்கள். முதல் படி, அடுத்தவர் பாட்டைப் பாடுவது. கடைசிப் படி, சொந்தப் பாட்டு எழுதுவது. அதாவது பழைய பாட்டு பள்ளிக்கூடம், சொந்தப் பாட்டு பட்டம். இன்னொரு கோஷ்டி இதைத் தலைகீழாகச் சொல்லும். நாட்டுப்பாட்டுதான் சுத்தம், சொந்தமாக எழுதப் போனவர் தடம் மாறிப் போனவர் என்பது அவர்கள் கட்சி.

எலைஸாவின் முப்பது வருட இசை வாழ்க்கையை வரிசையாக வைத்துப் பார்த்தால் இரண்டு கோஷ்டி சொல்வதும் பொருந்தவில்லை. அது ஏணியும் இல்லை, சறுக்கு மரமும் இல்லை. ஊஞ்சல் என்று சொன்னால் கொஞ்சம் பொருந்தும். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்ததால்தான் அவர் வளர்ந்தார். எப்படி என்று பார்க்கலாம்.

பிடிலா, வயலினா?

முதலில் ஒரு சின்ன விளக்கம். இரண்டும் ஒரே வாத்தியம்தான். நம்மூர்ப் பெரியவர்கள் கச்சேரி வயலினையே பிடில் என்றுதான் சொல்வார்கள். இங்கிலாந்தில் வாசிக்கும் இடத்தையும் விதத்தையும் வைத்துப் பெயர் மாறும். சபையில் நோட்டு பார்த்து வாசித்தால் வயலின். கிராமத்து ஆட்டத்துக்கும் மதுக்கடை மூலையில் நடக்கும் பாட்டுக்கும் வாசித்தால் பிடில்.

பிடில்காரரின் முதல் வேலை ஆடுகிறவர்களின் காலை நிற்கவிடாமல் பார்த்துக்கொள்வது. ஜிக், ரீல், ஹார்ன்பைப் என்று ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு நடை உண்டு. தாளக்காரர் தனியாகக் கிடையாது என்றால் அந்த வேலையும் வில்லுக்குத்தான். எட்டு பார், இன்னொரு எட்டு பார், திரும்பவும் முதலிலிருந்து. ஒரே மெட்டைப் பத்துத் தடவை வாசித்தாலும் பத்தாவது தடவை அலுக்கக்கூடாது. அதற்காக இங்கே ஒரு அழுத்தம், அங்கே ஒரு சின்ன நெளிவு என்று மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மெட்டு யாருடையது என்று பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. வாசிக்கிற அன்றைக்கு அது வாசிக்கிறவருடையது.

எலைஸா இதோடு பாடவும் செய்கிறார். தாடைக்குக் கீழே வாத்தியத்தை வைத்துக்கொண்டு வாயைத் திறந்து பாடுவது லேசான காரியம் இல்லை. குரல் ஒரு பக்கம் இழுத்தால் வில் இன்னொரு பக்கம் இழுக்கும். கிடார் வாசித்துப் பாடுகிறவர்களுக்கு இந்தக் கஷ்டம் கிடையாது. இதைப் பழகிய ஒருவருக்குச் சொல்லின் எடை எங்கே விழுகிறது, தாளம் எங்கே விழுகிறது என்பது உடம்பிலேயே ஏறிவிடும். பாட்டு எழுத உட்காரும்போது இதைவிடப் பெரிய முதலீடு என்ன வேண்டும்?

பிறந்த வீடு

இவருடைய அப்பா மார்ட்டின் கார்த்தி, ஆங்கில நாட்டிசையில் பெரிய பெயர். அம்மா நார்மா வாட்டர்சன். நார்மா, அவர் தம்பி மைக், தங்கை லால் மூவரும் உறவினர் ஒருவரோடு சேர்ந்து ஹல் நகரத்தில் 'வாட்டர்சன்ஸ்' என்ற குழுவாகப் பாடினார்கள். வாத்தியமே இல்லாமல், குரல்களை மட்டும் அடுக்கிப் பாடுவது அவர்கள் பாணி. 1965இல் வந்த 'ஃப்ராஸ்ட் அண்ட் ஃபயர்' என்ற ஆல்பம் இன்றும் பேசப்படுகிறது.

இப்படி ஒரு வீட்டில் பிறந்தவர் 13 வயதிலேயே அம்மா, சித்தி, சித்தி மகளோடு சேர்ந்து ஒரு குழுவில் பாடியதில் ஆச்சரியம் இல்லை. 1993இல் நான்சி கெர் என்ற இன்னொரு பிடில் கலைஞரோடு முதல் ஆல்பம். 1994இல் அப்பா அம்மாவோடு 'வாட்டர்சன்:கார்த்தி' ஆல்பம். எல்லாம் பாரம்பரியச் சரக்குதான்.

ஆனால் அந்த வீட்டில் இன்னொரு கதையும் இருந்தது. சித்தி லாலும் மாமா மைக்கும் 1972இல் 'பிரைட் ஃபீபஸ்' என்று ஒரு ஆல்பம் போட்டார்கள். முழுக்க அவர்களே எழுதிய பாடல்கள். ரிச்சர்ட் தாம்சன், மார்ட்டின் கார்த்தி, மேடி ப்ரையர் என்று பெரிய ஆட்கள் உடன் இருந்தார்கள். நாட்டிசை ரசிகர்களில் பலருக்கு அது பிடிக்கவில்லை. 'வாட்டர்சன்ஸ் ஏன் இப்படி?' என்ற முகச்சுளிப்புதான் பதிலாகக் கிடைத்தது. தட்டு கொஞ்சம்தான் விற்றது. பிறகு பல வருடங்கள் கடையில் கிடைக்கவே இல்லை. கேட்டவர்கள் கேசட்டில் பதிந்து கைமாற்றிக் கைமாற்றி அதை உயிரோடு வைத்திருந்தார்கள். முறையான மறுபதிப்பு வந்தது 2017இல். அதற்குள் லாலும் இல்லை, மைக்கும் இல்லை. லால் 1998இலும் மைக் 2011இலும் காலமாகிவிட்டார்கள்.

நாட்டுப்பாட்டுப் பாடுகிறவர் சொந்தமாக எழுதினால் என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பதற்குக் குடும்பத்திலேயே சாட்சி இருந்தது. அது தெரிந்தும் எழுதப் போனார் எலைஸா.

சுத்தம் பேசுகிறவர்களுக்கு ஒரு கேள்வி

1960களில் லண்டனில் யூவன் மக்கால் நடத்திய சிங்கர்ஸ் கிளப்பில் ஒரு கறாரான விதி இருந்தது. பாடகர் தன் சொந்த நாட்டின், தன் சொந்த மொழியின் பாடல்களைத்தான் பாட வேண்டும். ஆங்கிலேயர் அமெரிக்க ப்ளூஸ் பாடக்கூடாது. சுத்தம் பேசுகிறவர்களில் இவரை மிஞ்ச ஆள் கிடையாது.

ஆனால் இதே மக்கால்தான் 1949இல் தன் ஊரான சால்ஃபர்டைப் பற்றி 'டர்ட்டி ஓல்ட் டவுன்' எழுதினார். இன்று அதைக் கேட்கிற பாதிப் பேர் ஏதோ பழைய ஐரிஷ் நாட்டுப்பாட்டு என்றுதான் நினைக்கிறார்கள். எழுதியவர் பெயரே மறந்துபோகிற அளவுக்கு ஒரு பாட்டு ஜனங்களோடு கலந்துவிட்டது என்றால் அது நாட்டுப்பாட்டா, சொந்தப் பாட்டா?

எல்லா நாட்டுப்பாட்டையும் யாரோ ஒருவர் எழுதத்தான் செய்தார். மரத்தில் காய்த்தது கிடையாது. அந்த 'யாரோ' பாட்டு எழுதியபோது பக்கத்து வீட்டுக்காரர் 'இது பாரம்பரியம் இல்லையே' என்று தடுத்திருந்தால் இன்று பாரம்பரியமே இருந்திருக்காது.

யாருடைய 'நான்'?

நாட்டுப்பாட்டுக்கும் சொந்தப் பாட்டுக்கும் உண்மையான வித்தியாசம் ஒன்று இருக்கிறது. அது 'நான்' என்ற சொல்லில் இருக்கிறது.

ஆங்கில நாட்டுப்பாடல்களில் 'நான்' வந்துகொண்டே இருக்கும். நான் கப்பலில் போனேன், நான் சிப்பாயாகச் சேர்ந்தேன், நான் அவளைக் கொன்றேன். எலைஸா அதைப் பாடும்போது யாரும் 'ஏம்மா, நீ எப்போது கடற்படையில் இருந்தாய்?' என்று கேட்பதில்லை. அந்த 'நான்' ஆணியில் மாட்டிய பொதுச் சட்டை. யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்.

அவரே எழுதிய பாட்டில் 'நான்' என்று வந்தால்? உடனே எல்லோரும் காதைத் தீட்டிக்கொள்வார்கள். அந்த ஆள் யார், எப்போது நடந்தது, இது உன் கதைதானே? சட்டை இப்போது அளவெடுத்துத் தைத்தது. அடுத்தவர் போட்டால் பொருந்துமா என்பது சந்தேகம்.

எலைஸா இந்தக் கோட்டைத் தாண்டியது 2000இல். அதற்கு முன் 1998இல் 'ரெட் ரைஸ்' என்று ஒரு இரட்டை ஆல்பம் போட்டிருந்தார். 'ரெட்' என்ற தட்டில் டிரம்ஸ், நவீன நடன இசையின் தாக்கம் எல்லாம் உண்டு. 'ரைஸ்' தட்டில் பழைய முறையில் பிடிலும் குரலும். எல்லா வகை இசைக்கும் பொதுவாகத் தரப்படும் பிரிட்டனின் மெர்க்குரி பரிசுக்கு அது பரிந்துரைப் பட்டியலில் வந்தது. பரிசு கோமஸ் என்ற ராக் குழுவுக்குப் போனது வேறு விஷயம். நீலமும் சிவப்புமாக முடிக்குச் சாயம் பூசிய ஒரு பெண் இருநூறு வருடத்துப் பாட்டைப் பாடுகிறாள் என்றதும் பத்திரிகைகள் திரும்பிப் பார்த்தன. பெரிய கம்பெனியான வார்னர் கதவைத் திறந்தது. அங்கிருந்து வந்ததுதான் 'ஏஞ்சல்ஸ் அண்ட் சிகரெட்ஸ்'. கிட்டத்தட்ட எல்லாப் பாடல்களும் அவரே எழுதியவை.

அந்தப் பாடல்கள் ஆசையையும் கசப்பையும் ஆண்களோடு ஒரு பெண்ணுக்கு ஏற்படும் அனுபவங்களையும் மூடி மறைக்காமல் பேசுகின்றன. சிலருக்கு அது அதிர்ச்சி. ஆனால் நாட்டுப்பாட்டு தெரிந்தவர்களுக்கு அதில் அதிர்ச்சியடைய என்ன இருக்கிறது? பழைய பாடல்களில் இல்லாத படுக்கையறையா, இல்லாத கொலையா? ஒரே வித்தியாசம், பழைய பாட்டில் அது யாரோ ஒரு பால்காரப் பெண்ணுக்கு நடக்கும். இங்கே 'எனக்கு' நடக்கிறது. அந்தத் துணிச்சலை அவருக்குக் கற்றுக்கொடுத்தது பாப் இசை மட்டும் இல்லை. பழைய பாடல்கள்தான் அவருடைய முதல் வாத்தியார்.

திரும்பி வந்தது தோல்வியா?

வார்னரில் அடுத்த ஆல்பம் வரவில்லை. 2002இல் 'ஆங்கிலிகானா' வெளியானது டாபிக் ரெக்கார்ட்ஸில். 1939இல் தொடங்கிய பழைய சுயேச்சை நிறுவனம் அது. எலைஸாவின் முந்தைய ஆல்பங்கள் சிலவும் அங்கேதான் வந்தன. இந்த முறை முழுக்க ஆங்கிலப் பாரம்பரியப் பாடல்கள்.

விளைவு? 2003இல் மறுபடியும் மெர்க்குரி பட்டியல். பிபிசி ரேடியோ 2 நாட்டிசை விருதுகளில் அந்த வருடம் சிறந்த பாடகர், சிறந்த ஆல்பம், சிறந்த பாரம்பரியப் பாடல் மூன்றும் அவருக்கே. மூன்றாவது விருது 'வூஸ்டர் சிட்டி' என்ற பாட்டுக்கு. பொறாமை பிடித்த காதலன் காதலிக்கு விஷம் கொடுக்கிற கதை அது.

இதை வைத்து 'பார்த்தீர்களா, பிடிலோடு இருந்திருக்கலாம், பேனா எதற்கு?' என்று கேட்பவர்கள் உண்டு. அவசரத் தீர்ப்பு. சொந்தமாக ஒரு ஆல்பம் முழுக்க எழுதிப் பார்த்தவருக்கு, பழைய பாட்டின் ஒவ்வொரு வரியும் எவ்வளவு கஷ்டப்பட்டு அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று தெரியும். வீடு கட்டிப் பார்த்தவர்தான் பழைய வீட்டின் உத்திரத்தை நின்று பார்ப்பார். 'ஆங்கிலிகானா'வில் அவர் பாடும் விதத்தில் அந்த நிதானம் கேட்கிறது. எதையும் நிரூபிக்க வேண்டிய அவசரம் இல்லை. கதையைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்.

அதன் பிறகு ஊஞ்சல் நிற்கவே இல்லை. 2005இல் 'ரஃப் மியூசிக்', பாரம்பரியம். 2008இல் 'ட்ரீம்ஸ் ஆஃப் பிரீதிங் அண்டர்வாட்டர்', சொந்தப் பாடல்கள். 2010இல் அம்மாவோடு 'கிஃப்ட்'. 2011இல் 'நெப்ட்யூன்', மறுபடி சொந்தப் பாடல்கள். அதில் ஒரு பாட்டின் தலைப்பே 'பிரிட்டன் ஒரு கார் பார்க்'. 2014இல் அப்பாவோடு 'தி மாரல் ஆஃப் தி எலிஃபன்ட்'. யானையைத் தடவிப் பார்த்த குருடர்கள் கதை நமக்குத் தெரியாததா!

2017இல் பன்னிரண்டு பேர் கொண்ட வேவார்ட் பேண்டோடு வந்த 'பிக் மெஷின்' இன்னும் சுவாரசியம். ஒரே ஆல்பத்தில் பழைய தெருப்பாட்டும் இருக்கிறது, அகதிகளைப் பற்றி எலைஸா எழுதிய 'யூ நோ மீ'யும் இருக்கிறது. அந்தப் பாட்டில் ஒரு ராப் கலைஞரும் வருகிறார். அந்தக் காலத்தில் ஒரு காகிதத்தில் அச்சடித்துத் தெருவில் விற்ற பாட்டுகளின் வேலையே ஊரில் நடப்பதை ஊருக்குச் சொல்வதுதான். அகதிகள் பாட்டும் அதையேதான் செய்கிறது. ஆக, பழையது எது, புதியது எது?

இதில் கவனிக்க வேண்டியது, 'நான்' என்ற அந்தச் சொல் மாறிப்போயிருக்கிறது. 2000இல் அது ஒரு பெண்ணின் அந்தரங்க 'நான்'. 2017இல் அது ஒரு ஊரே சேர்ந்து சொல்லக்கூடிய 'நான்'. அளவெடுத்துத் தைத்த சட்டை மறுபடி பொதுச் சட்டையாகிவிட்டது. எலைஸாவின் வளர்ச்சி என்று ஒன்றைச் சொல்ல வேண்டும் என்றால் இதைத்தான் சொல்ல வேண்டும். வெறுமனே சொந்தப் பாட்டு எழுதியது வளர்ச்சி இல்லை. சொந்தப் பாட்டை அடுத்தவரும் பாடக்கூடியதாக எழுதியதுதான் வளர்ச்சி.

பணம் என்று ஒரு விஷயம்

கலையைப் பற்றிப் பேசும்போது காசைப் பற்றிப் பேசக்கூடாது என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். பேசித்தான் ஆக வேண்டும்.

பாரம்பரியப் பாட்டுக்குக் காப்புரிமை கிடையாது. யார் புதிதாக இசை அமைத்துக்கொடுக்கிறாரோ அவர் அந்த அமைப்புக்கு மட்டும் உரிமை கோரலாம். இதில் எவ்வளவு குழப்பம் வரும் என்பதற்கு எலைஸாவின் அப்பாவே உதாரணம். மார்ட்டின் கார்த்தி பாடிக்கொண்டிருந்த 'ஸ்கார்பரோ ஃபேர்' பாட்டை லண்டனில் அவரிடமிருந்து கற்றுக்கொண்டவர் பால் சைமன். 1966இல் சைமன் அண்ட் கார்ஃபங்கல் ஆல்பத்தில் அது வந்தது, 'தி கிராஜுவேட்' படம் மூலம் உலகம் முழுக்கப் போனது. கார்த்தி பெயர் அதில் இல்லை. அந்த மனக்கசப்பு தீர்ந்து இருவரும் ஒரே மேடையில் அந்தப் பாட்டைப் பாடியது 2000இல். முப்பத்து நாலு வருடம்!

சொந்தமாக எழுதிய பாட்டில் இந்தத் தகராறு குறைவு. எழுதியவர் பெயர் இருக்கும், ஒலிபரப்பினால் காசு வரும். ஆக, பிடில்காரர் பாட்டு எழுதுவதில் வயிற்றுப்பாடும் இருக்கிறது. அதைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

இது ஏதோ பழங்கதையும் இல்லை. கொரோனா காலத்தில் கச்சேரிகள் நின்றுபோய், நார்மாவும் மருத்துவமனையில் இருந்தபோது, 2022 ஜனவரியில் இந்தக் குடும்பம் ரசிகர்களிடம் வெளிப்படையாக உதவி கேட்க வேண்டியிருந்தது. அம்மா, அப்பா, மகள் மூவருமே எம்.பி.இ. விருது வாங்கியவர்கள். ரசிகர்கள் உதவினார்கள். அந்த மாதம் 30ஆம் தேதி நார்மா காலமானார். ஒரு நாட்டின் பாட்டை மூன்று தலைமுறைக்குத் தூக்கிச் சுமந்தவர்களுக்கு இதுதான் நிலைமை என்றால், 'சொந்தப் பாட்டு எழுதாதே, சுத்தமாக இரு' என்று கிளப்பில் உட்கார்ந்து அறிவுரை சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது?

இரண்டு கையும் வேண்டும்

2021இல் எலைஸா, ஆங்கில நாட்டுப்புற நடனம் மற்றும் பாடல் சங்கத்தின் தலைவராகப் பொறுப்பேற்றார். நாட்டுப்பாடல்களைச் சேகரிக்க 1898இல் தொடங்கிய சங்கத்தின் வாரிசு அது. பழைய பாட்டைப் பாதுகாக்கிற இடத்தின் தலைமையில், சொந்தமாகப் பாட்டு எழுதுகிற ஒருவர். 1972இல் லால் வாட்டர்சனைப் பார்த்து முகம் சுளித்தவர்களுக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

அந்தக் குடும்பத்தின் மெர்க்குரி கணக்கும் வேடிக்கையானது. 1996இல் அம்மா, 1998இலும் 2003இலும் மகள், 2025இல் 84 வயதில் அப்பா. ஒருவரும் பரிசு வாங்கவில்லை. ஆனால் 29 வருடங்களாக ஒரு வீட்டை ஒதுக்க முடியவில்லையே!

கிடார் எடுத்தவுடன் 'சொந்தக் கம்போசிஷன்' என்று ஆரம்பிக்கிற கல்லூரி பேண்டுகள் இதிலிருந்து ஒன்று எடுத்துக்கொள்ளலாம். நூறு பழைய பாட்டை முழுசாகக் கற்றுக்கொண்டவருக்கு நூற்றியோராவது பாட்டை எழுத ஒரு மண் கிடைக்கிறது. அந்த மண் இல்லாமல் எழுதினால் பாட்டு நம் டைரியைத் தாண்டாது. அதே சமயம் நூறு பாட்டு தெரிந்தும் ஒன்றைக்கூட எழுதிப் பார்க்காதவர் காவல்காரர் மட்டும்தான், குடியிருப்பவர் இல்லை. பிடிலுக்கு விரல் பிடிக்க ஒரு கை, வில் இழுக்க ஒரு கை. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு வாசிக்க முடியாது.

கேட்க விரும்புகிறவர்கள் 'ஆங்கிலிகானா'வில் தொடங்குங்கள். உடனே 'ஏஞ்சல்ஸ் அண்ட் சிகரெட்ஸ்' கேளுங்கள். இரண்டும் ஒரே ஆள்தானா என்று சந்தேகம் வரும். அப்புறம் 'பிக் மெஷின்' போடுங்கள். சந்தேகம் தீர்ந்துவிடும். நேரம் இருந்தால் 'பிரைட் ஃபீபஸ்'. 1972இல் கேட்காமல் விட்டவர்கள் எதை இழந்தார்கள் என்று தெரியும்.